கரும்புக்குப் பின்னால் ஒரு சாட்டிலைட்

ஃபிஜியில், லம்பாசாவிலிருந்து வாய்கோரோ போகிற பஸ்ஸில், மடியில் மாவுச் சாக்கும், சாக்குக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பானருமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவள் சுக்ராஜிதான். வேறு யாராகவும் இருக்க முடியாது. சாக்கைத் திறந்தால் சிக்னல் மீட்டர் இருக்கும், காம்பஸ் இருக்கும், நூலில் கட்டிய ஈயக்குண்டு இருக்கும், மகள் ஊர்மிளா பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் கோணமானி இருக்கும். அடியில் காகிதத்தில் சுற்றிய இரண்டு ரொட்டியும் பூசணிக்காய்க் கறியும் இருக்கும்.

எங்கள் செட்டில்மென்டில் ஹிந்திச் சேனல் வருகிற வீடுகளில் பாதிக்கு மேல் அவள் கைபட்டவை. எங்கள் வீட்டு டிஷ்ஷும்தான்.

ஹிந்திச் சேனல்கள் வருகிற அந்தச் சாட்டிலைட் இருக்கிறதே, அது மேற்கே ஓர் ஓரமாகக் கிடக்கிறது. கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, கடலும் வானமும் சேருகிற கோட்டின் மேல் வைத்தால் முஷ்டியின் உயரத்துக்குள் அது அடங்கிவிடும். அதனால் டிஷ் வானத்தைப் பார்க்காது. பக்கத்து வீட்டைப் பார்க்கும். புதிதாக டிஷ் வாங்கியவர்களுக்கு இதுதான் பொறுக்காது.

ஒருமுறை பிஸ்நாத் வீட்டிலிருந்து ஆள் வந்தது, படம் போய்விட்டது என்று. சுக்ராஜி போய்ப் பார்த்தால், டிஷ்ஷின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து அண்ணாந்து நிற்க வைத்திருக்கிறார்.

"இதை யாரு அண்ணா நிமுத்துனது?"

"நான்தான். ஊர்ல எல்லாருக்கும் சாட்டிலைட் ஆகாசத்துல இருக்கு. எனக்கு மட்டும் மேவாலால் கக்கூஸ்லயா இருக்கு?"

"அங்கதான் இருக்கு. கக்கூஸ் கூரைக்கு ரெண்டு சாண் மேல."

"பொம்பளைய நம்பி டிஷ் மாட்டுனா இப்படித்தான்."

"சரி. ஆம்பளை நிமுத்துனதுல என்ன படம் வருது?"

பிஸ்நாத்தின் மனைவி சமையலறைக்குள்ளிருந்து சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது. சுக்ராஜி மரக்கட்டைகளை உருவினாள், ஈயக்குண்டைத் தொங்கவிட்டாள், கோணமானியை வைத்து ஏழு டிகிரிக்குக் கொண்டுவந்தாள். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற எல்.என்.பி.யைப் பாதி திருகினாள். உச்சியில் இருக்கிற சாட்டிலைட்டுக்கு அது நேராக இருக்கலாம். ஓரத்தில் கிடக்கிறதற்குத் தலையைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். படம் வந்தது. அன்று பிஸ்நாத் வீட்டில் அவளுக்கு வயிறு நிறையச் சாப்பாடும், வழிக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரையும்.

இந்த வேலை அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் அவள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். கதை சிரிக்கிற கதை இல்லை.

அவள் கணவர் ஜெய்ராம் சர்க்கரை மில்லில் எலக்ட்ரீஷியன். வாய்கோரோவுக்கு முதன்முதலில் பெரிய டிஷ் கொண்டுவந்தவர் அவர்தான். மூன்று மீட்டர் வலை டிஷ். புயலுக்குப் பயந்து, குட்டையான இரும்புக் கம்பத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் அதன் விளிம்பு வருகிற மாதிரி நட்டார். அவர் வெளியே டிஷ்ஷைத் திருப்புவார்; சுக்ராஜி வீட்டுக்குள் டி.வி. முன்னால் நின்று கத்த வேண்டும்.

"வந்துச்சா?"

"வரல!"

"இப்ப வந்துச்சா?"

"வந்துச்சு... ஐயோ, போச்சு!"

பிறகு ஊரில் யாருக்கு டிஷ் மாட்டினாலும் இருவருமாகத்தான் போவார்கள். அந்தக் கத்தலைக் கேட்டால் ஜெய்ராம் வந்திருக்கிறார் என்று மூன்று வீடு தள்ளிக்கூடத் தெரியும்.

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை மில்லில் மயங்கி விழுந்தவரை லாரியில் தூக்கி வந்தார்கள். வலது பக்கம் செத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. போனது போக, அந்த மனிதரின் நாக்கில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். மகள் கல்லூரியிலிருந்து வந்தாளா என்றாலும் அதுதான். வலித்தாலும் அதுதான்.

"வந்துச்சா?"

தெய்வம் ஒரு மனிதனுக்கு ஒரே சொல்லைத்தான் விட்டுவைப்பது என்று முடிவு செய்தால், இதையா விட்டுவைக்க வேண்டும்!

சுக்ராஜி அழுதாள். எத்தனை நாள் அழுதாளோ, ஒரு நாள் காலையில் சாக்கை எடுத்து மீட்டரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஒருவராக டிஷ் திருப்புவதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தந்த வீட்டுக்காரியையே டி.வி. முன்னால் நிறுத்திக் கத்தச் சொல்வாள்.

*

அவள் வீட்டுக்கு மேற்கே ராம்லக்கனின் கரும்புத் தோட்டம். நடுவில் ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். ஜெய்ராம் டிஷ் நட்ட காலத்திலேயே அவரிடம் போய்ச் சொன்னார்: "தம்பி, உன் கரும்பு வளந்தா என் சாட்டிலைட் அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும்."

ராம்லக்கன் தன் கரும்பு வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு இடம் வேணும்?"

"பதினெட்டு கஜம் நீளம். மூணு வரிசை அகலம்."

"அவ்வளவுதானா? அதுல வேர்க்கடலை போடுறேன். கடலை தலை தூக்காது."

அப்படியே செய்தார். பத்து வருடம் அந்தப் பட்டையில் வேர்க்கடலைதான். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க அவரும் வருவார். உள்ளே வரமாட்டார், வாசற்படியில் உட்கார்ந்து, அந்தக் கடலையையே வறுத்துக் கொண்டுவந்து உடைத்துத் தின்றபடி பார்ப்பார். கதாநாயகி அழுதால் அவரும் அழுவார். ஆறடி உயர மனிதர், கையில் வெட்டுக்காயத் தழும்புகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊர்மிளா வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஜனவரியில் புயல் வந்தது. காலையிலிருந்தே ரேடியோவில் எச்சரிக்கை. புயல் என்றால் டிஷ்ஷைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று அதைக் கப்பல் பாய் மாதிரி தூக்கிவிடும். அன்று ஒரே நாளில் சுக்ராஜி பதினோரு வீட்டு டிஷ்களை இறக்கினாள். விதவைகள் வீடு, வயதானவர்கள் வீடு, எல்லாம் முடித்துச் சாயங்காலம் வீடு திரும்பியபோது காற்று எழுந்துவிட்டது. தன் டிஷ்ஷைக் கயிற்றால் மட்டும் இறுக்கிக் கட்டினாள்.

விடிந்தபோது கம்பம் நின்றது. டிஷ் இல்லை. அது வாய்க்காலைத் தாண்டி உருண்டு போய் ராம்லக்கனின் மாட்டுக் கொட்டகைக்குள் கிடந்தது. அவருடைய எருது மோத்தியின் முன்னங்கால் அதன் அடியில்.

மோத்தியும் லாலும் ஜோடி. கன்றிலிருந்து ஒரே நுகத்தில் பழகியவை. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, இனித் தேறாது என்று ஊசி எடுத்தபோது, ராம்லக்கன் மோத்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தார். கதாநாயகிக்காக அழுகிற மனிதர் அன்று அழவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்: அவர் அழவே இல்லை.

கூடியிருந்த எல்லார் முன்னாலும் சுக்ராஜி சொன்னாள்: "புயலுக்கு நான் என்ன பண்ண முடியும் தம்பி?"

ராம்லக்கன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் தொண்டைக்குள் ஏதோ முள் மாதிரி நின்றது. அது இன்றுவரை இறங்கவில்லை.

பண்டிதர் மூலமாக ஒரு காளைக்கன்று அனுப்பினாள். மறுநாள் காலையில் அது அவள் கேட்டிலேயே கட்டப்பட்டு நின்றது. அடுத்த நடவில் வேர்க்கடலைப் பட்டையில் கரும்பு முளைத்தது. வாய்க்கால் விளிம்புவரை.

டிஷ்ஷைச் சரிசெய்து மறுபடி மாட்டினாள். அதிலிருந்து, ஜூன் மாதம் அறுவடைக் கும்பல் வந்து வெட்டினால் அவள் வீட்டில் படம் வரும். பிப்ரவரியில் கரும்பு ஆள் உயரம் தாண்டினால் படம் போய்விடும். ஊருக்கெல்லாம் படம் காட்டுகிறவள் வீட்டில் வருடத்தில் நாலைந்து மாதம் வெறும் நீலத் திரை. கேட்பவர்களிடம் "எல்.என்.பி. போயிருக்கு, மாத்தணும்" என்பாள்.

*

இந்த வருடம் மார்ச் மாதம் கடைக்காரர் வீட்டு போனுக்கு இந்தியாவிலிருந்து ஊர்மிளா பேசினாள். உதவித்தொகை வாங்கிச் சங்கீதம் படிக்கப் போயிருந்தாள்.

"அம்மா, வர ஞாயித்துக்கிழமை நான் டி.வி.யில பாடுறேன். பக்திச் சேனல். நம்ம டிஷ்ல வருமே, அதே சேனல். உங்களுக்குச் சாயங்காலம் நாலு மணி. நேரடி ஒளிபரப்பு. அப்பாவைப் பாக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்டி."

"டிஷ் நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு."

போனை வைத்தபோது கடைக்காரர் கேட்டார்: "எல்.என்.பி. மாத்தியாச்சா அக்கா?"

வீட்டுக்குப் போய் ஜெய்ராமின் காதில் சொன்னாள். அவர் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு துடித்தது.

"வந்துச்சா? வந்துச்சா?"

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை வரும்."

அந்த வாரம் வந்த நர்ஸ் அவர் மார்பில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டாள். சுக்ராஜி மெதுவாகக் கேட்டாள்: "டவுன்ல ஒரு வீட்ல பெரிய டிஷ் இருக்கு. லாரியில கூட்டிட்டுப் போலாமா?"

"அந்த ரோட்டுலயா? வேண்டாம் அக்கா. அவர் இதயம் தாங்காது."

"அப்ப மகளைக் கேசட் அனுப்பச் சொல்றேன். ஒரு மாசத்துல வந்துரும்."

"ஒரு மாசமா?" என்றாள் நர்ஸ். பையை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

அன்றிலிருந்து சுக்ராஜி வேறு வீட்டு வேலைக்குப் போகவில்லை. தன் டிஷ்ஷையே நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஏதாவது கெட்டுப்போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தாள்! கெட்டது என்றால் சரி செய்துவிடலாம் அல்லவா? எல்.என்.பி.யின் வாயில் குளவி கட்டியிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தாள். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த கேபிள் முனையை வெட்டிப் புதிதாக மாட்டினாள். கம்பம் நேராக இருக்கிறதா என்று நான்கு பக்கமும் ஈயக்குண்டு தொங்கவிட்டாள். கடைசியில் டிஷ்ஷை வடக்கே உயரமாகத் திருப்பி வேறொரு சாட்டிலைட்டைப் பிடித்தாள். ஏதோ ஒரு மொழியில் யாரோ மீன் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி மாதிரி படம். திரும்ப மேற்கே இறக்கினாள். நீலத் திரை. மீட்டரில் முப்பது வர வேண்டிய சிக்னல் அளவு ஒன்பதில் நின்றது.

டிஷ்ஷில் குறை இல்லை. ரிசீவரில் குறை இல்லை. எங்கே குறை என்று அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அதைக் கண்ணாலும் பார்த்துவிட்டாள். வருடத்தில் இரண்டு முறை, சில நாட்கள் மட்டும், சூரியன் அந்தச் சாட்டிலைட் இருக்கிற இடத்தின் வழியாகவே இறங்கும். மார்ச் கடைசி வாரத்தில் அந்த நாட்கள் வரும். ஐந்தரை மணி தாண்டியதும் அவள் டிஷ் பக்கத்தில் போய் நின்றாள். சாட்டிலைட் இருக்கிற இடத்தில் இப்போது சூரியன் நிற்கிறது. அப்படியானால் டிஷ்ஷின் மேல் எதன் நிழல் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்.என்.பி.யின் நிழல் சரியாக நடுவில் விழுந்தது. அவள் கோணம் இம்மியும் தப்பவில்லை. ஆனால் டிஷ்ஷின் பாதிக்குமேல் கரும்புத் தோகையின் நிழல், கறுப்பாக, ஆடிக்கொண்டே.

மூன்று வரிசை. பதினெட்டு கஜம். வேர்க்கடலைப் பட்டை.

அவள் வீட்டுக்குள் போய்க் கரும்புக் கத்தியை எடுத்து வந்தாள். வாய்க்காலில் இறங்கி ஒரு காலை அக்கரையில் வைத்தாள்.

"சுகி! கத்தியோட எங்க?"

ரோட்டில் லித்தியா. அடுத்த கிராமத்து ஃபிஜிக்காரி, இந்த மண்ணின் பூர்வகுடி. மார்க்கெட்டில் நண்டு விற்றுவிட்டு வெறும் கூடையோடு திரும்புகிற நேரம். சுக்ராஜிக்கு இருபது வருடத் தோழி. எதையும் மென்று பேசத் தெரியாதவள்.

"புல்லு வெட்ட."

"ராம்லக்கன் வயல்ல இருக்கிற புல்லா?"

சுக்ராஜி வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி, நர்ஸ் ஜன்னலைப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"டிஷ்ஷை உசரமா வைக்க வேண்டியதுதானே?"

"புதுக் கம்பம் நட்டு கான்கிரீட் இறுகணும். மூணு நாள்ல முடியாது. முடிஞ்சாலும்... அதை உசரத்துல ஏத்த எனக்கு மனசு வராது லித்தியா. காத்து அடிச்சாலே அந்த மாடு கத்துனது கேக்குது."

லித்தியா கூடையைக் கீழே வைத்தாள். "மாடு செத்ததுக்கு நீ யங்கோனா எடுத்துட்டுப் போனியா?"

"கன்னுக்குட்டி அனுப்புனேனே."

"நான் கன்னுக்குட்டியைக் கேக்கல. எங்க ஊர்ல ஒருத்தனுக்குத் தப்புப் பண்ணிட்டா, யங்கோனா வேர்க்கட்டை எடுத்துட்டுப் போய் அவன் முன்னால வச்சு, தலையைக் குனிஞ்சு, என்ன தப்புன்னு வாயால சொல்லணும். நீங்களும் நாலு தலைமுறையா இங்கதானே இருக்கீங்க? ரிஜிஸ்தர் ஆபீஸ் போனாக்கூட வேர்க்கட்டு தூக்கிட்டுப் போறீங்க. இதுக்குப் போகலையா?"

"புயலு பண்ணுனதுக்கு நான் என்ன தப்புன்னு சொல்ல?"

லித்தியா அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "அது எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரியும்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சுக்ராஜியின் தொண்டையில் இருந்த முள் அன்று புரண்டது.

*

சனிக்கிழமை மத்தியானம் அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர், செய்தித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டிய அந்த வேர்க்கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ராம்லக்கன் வீட்டு முற்றத்துக்குப் போனாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை.

அவர் மாமரத்தடியில் உட்கார்ந்து நுகத்தடியை இழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லால் கட்டியிருந்தது. ஒற்றை எருது. அதற்கு இடம் எவ்வளவோ இருந்தும் இடது ஓரமாகவே ஒதுங்கி நின்றது, வலது பக்கத்தில் இன்னொருவனுக்கு இடம் விட்டு. சுக்ராஜி அதைத் தாண்டி அவர் எதிரே போனாள். மண்ணில் மண்டியிட்டு வேர்க்கட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"கரும்பைப் பத்திப் பேச வந்திருக்கியா அண்ணி?" அவர் நிமிரவில்லை.

"இல்ல. மோத்தியைப் பத்தி."

உளி நின்றது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் புயலுக்கு நான் என்ன பண்ணேன்னு கேட்டேன். பண்ணேன் தம்பி. டிஷ்ஷைக் கம்பத்தோட பிடிக்கிற போல்ட் நாலு. புயலுக்கு ஒரு வாரம் முன்னால மேவாலால் வீட்ல ஒரு போல்ட் மரை தேஞ்சு போச்சு. கடைக்குப் போக பஸ் இல்ல. என் டிஷ்ல இருந்து ஒண்ணைக் கழட்டி அங்க போட்டேன். நாளைக்கு வாங்கி மாட்டிக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கு நாளைக்குன்னு மறந்துட்டேன். பதினோரு வீட்டுல போல்ட்டைத் தொட்டேன் அன்னிக்கு, ஒரு வீட்லயும் என்னோடது ஞாபகம் வரல. கயிறு கட்டும்போதுதான் அந்த ஓட்டையைப் பாத்தேன். காத்து வந்திருச்சு. மூணு தாங்கும்னு விட்டுட்டு உள்ள போய்ட்டேன்."

வேர்க்கட்டை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"அடுத்தவங்க வீட்ல இப்படி விட்டிருந்தா நானே அவங்களைத் திட்டியிருப்பேன். உங்க மாட்டைப் புயல் கொல்லல. நான்தான் கொன்னேன். யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்டகூடச் சொல்லல. இவ ஒழுங்கா வேலை பாக்கத் தெரியாதவன்னு ஊர்ல சொல்லிட்டா, அப்புறம் யாரு கூப்பிடுவாங்க? அந்தப் பயத்துல வாயை மூடிட்டேன். அவ்வளவுதான் தம்பி."

லால் வாலைச் சுழற்றியது. ராம்லக்கன் எழுந்தார். வேர்க்கட்டைத் தொடவில்லை. ஏற்றுக்கொள்கிறவர் அதைக் கையால் தொட வேண்டும், அதுதான் வழக்கம். அவர் அதைத் தாண்டி நடந்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுக்ராஜி கட்டை அங்கேயே விட்டு எழுந்தாள். பிறகு வெறும் கையோடு திரும்பினாள். கரும்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டால் இவ்வளவு சொன்னதும் பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் தொண்டையில் முள் இல்லை. அது இருந்த இடம்தான் ரணமாக வலித்தது.

*

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமே ஜெய்ராமுக்குத் தலை சீவி, வெள்ளைச் சட்டை மாட்டி, மூன்று தலையணை முட்டுக்கொடுத்து டி.வி.யைப் பார்க்க உட்கார வைத்தாள். என்ன சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மணி. நீலத் திரை. அளவு ஒன்பது.

"வந்துச்சா?"

"இல்லீங்க."

மூன்றரை. அவர் இடது கை போர்வையைக் கசக்கிக்கொண்டே இருந்தது.

"வந்துச்சா?"

முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். சளக். சளக். சளக். கரும்புக்காட்டில் வளர்ந்த எவருக்கும் அது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அவள் வாய்க்கால் கரைக்கு ஓடினாள். தோகைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. ஜூன் மாதம் வெட்ட வேண்டிய கரும்பு. இப்போது மில் எடுக்காது, இனிப்பும் ஏறவில்லை. ராம்லக்கன் இடுப்பு வளைத்து, சட்டை முதுகோடு ஒட்ட, கடைசி வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தார். அளவு பார்க்கவில்லை, கயிறு பிடிக்கவில்லை. மூன்று வரிசை, பதினெட்டு கஜம். பின்னால் லால் ஒற்றையாக வண்டியில் பூட்டப்பட்டு, வெட்டிய தோகையைத் தின்றுகொண்டிருந்தது.

"தம்பி!"

"கத்தாத. இன்னும் நாலு தூர் இருக்கு."

"நான் கரும்பைக் கேக்கல தம்பி. நேத்து நான் அதுக்காக வரல."

"தெரியும். கேட்டிருந்தா வெட்டியிருக்க மாட்டேன்." அவர் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார். "அண்ணி, புயலுக்கு மறுநாள் காலையில அந்த டிஷ்ஷை என் கொட்டகையில இருந்து யாரு தூக்குனது?"

"நீங்கதான்."

"நான்தான். போல்ட் இருக்கிற இடம் நாலு. மூணுல மரம் கிழிஞ்ச மாதிரி இரும்பு கிழிஞ்சிருந்துச்சு. நாலாவது ஓட்டை அப்படியே வட்டமா இருந்துச்சு. அதுல போல்ட்டே இருந்ததில்லன்னு எனக்கு அப்பவே தெரியும்."

சுக்ராஜி வாய்க்கால் விளிம்புக்கு இன்னும் நெருங்கினாள்.

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா. நீ சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். கன்னுக்குட்டி வந்துச்சு. பண்டிதர் வந்தார். நீ வரல. எனக்கு இன்னொரு மாடு வேணாம் அண்ணி. என் மோத்தி எப்படிச் செத்துச்சுன்னு தெரிஞ்ச ஒருத்தி, அதை என் முகத்தைப் பாத்துச் சொல்லணும். அவ்வளவுதான் வேணும்."

"நேத்து கதவைச் சாத்திட்டீங்களே?"

"பின்ன? உன் முன்னால நின்னு அழச் சொல்றியா?"

உள்ளேயிருந்து ஜெய்ராமின் குரல் கேட்டது. ராம்லக்கன் கத்தியை வீசினார். "நாலு ஆகப்போவுது. போ, டிஷ்ஷைப் பிடி! வெயில்ல எங்கயாவது நகந்திருக்கும்."

அவள் ஓடிப்போய் டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்தாள். உள்ளே டி.வி. முன்னால் நின்று கத்த ஆளில்லை. இருந்தவர் ஒருவர்தான், அவருக்கோ கேட்கத்தான் தெரியும், சொல்லத் தெரியாது. அவள் ஒரு நூல் அளவு இடது பக்கம் தள்ளினாள். பழைய காலத்தில் அவர் நின்ற இடம் அது. அவர் பிடித்த விளிம்பு. அவளை அறியாமலே, அவருடைய கேள்வி அவள் வாயிலிருந்து வந்தது.

"என்னங்க! வந்துச்சா?"

சத்தமில்லை. இன்னும் ஒரு நூல்.

"வந்துச்சா?"

தம்பூராவின் ஓசை முதலில் வந்தது. ஜன்னல் வழியாக, மெலிதாக. அதற்கு மேல் ஒரு பெண் குரல் எழுந்தது. அந்தக் குரலை அவள் பத்து மாதம் வயிற்றிலும் இருபது வருடம் வீட்டிலும் சுமந்திருக்கிறாள். அந்தக் குரலுக்கும் மேலே, உடைந்து, கோணி, ஊரே கேட்கும்படி, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக ஜெய்ராம் பதில் சொன்னார்.

"வந்துச்சு! வந்துச்சு! வந்துச்சு!"

சுக்ராஜி டிஷ்ஷை விடவில்லை. விட்டால் நகர்ந்துவிடுமோ என்று, நெற்றியை அதன் வலையில் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். "உள்ள போ அண்ணி, நான் பிடிச்சுக்கிறேன்" என்று ராம்லக்கன் வாய்க்காலைத் தாண்டி வந்து விளிம்பைப் பிடித்தார். பிடிக்கவே தேவையில்லை, நாலு போல்ட்டும் இருந்தன, திருப்பிய இடத்தில் அது தானே நிற்கும். அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் பாட்டு முடிகிறவரை அந்த ஆறடி மனிதர் அங்கேயே நின்று, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வண்டியிலிருந்து ரிப்பன் கட்டிய வேர்க்கட்டை எடுத்து வந்து படியில் வைத்தார். "இதை இடி. படம் வராட்டி திருப்பிக் கொடுத்துட்டுப் போலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன்" என்று ஒரு சாக்குச் சொன்னார். முதல் சிரட்டையால் ஜெய்ராமின் உதட்டை நனைத்தார்கள்.

ஜெய்ராம் மே மாதம் போய்விட்டார். அந்த ஏழு வாரமும் அவர் வீட்டில் படம் இருந்தது. கடைசிவரை இரண்டு சொல் பேசினார். முன்பைவிட ஒன்று கூட. அவர் பாடையின் முன்பக்கத்தை ராம்லக்கன்தான் தூக்கினார்.

சுக்ராஜி இன்னும் அதே பஸ்ஸில்தான் போகிறாள். அந்த மூன்று வரிசையில் மறுபடி வேர்க்கடலை. நுகத்தின் வலது பக்கத்துக்கு ஒரு காளைக்கன்று பழகிக்கொண்டிருக்கிறது. அன்று ராம்லக்கன் கேட்டில் கட்டிவிட்டுப்போன, சுக்ராஜி இரண்டு வருடம் வளர்த்த அதே கன்றுதான். லால் அதை ஒரு மாதம் முட்டித் தள்ளிவிட்டு இப்போது பொறுத்துக்கொள்கிறது.

ஒரே ஒரு வழக்கம் மட்டும் புதிது. எங்கள் வீட்டு டிஷ்ஷைச் சரி செய்த அன்று நானும் பார்த்தேன். வேலை முடிந்து சாக்கைக் கட்டிய பிறகு அவள் கிளம்பவில்லை. என்னைக் கூப்பிட்டு டிஷ்ஷின் பின்பக்கம் நிறுத்தினாள்.

"எண்ணுங்க."

"எதை அக்கா?"

"போல்ட்டை. விரல் வச்சுத் தொட்டு, சத்தமா எண்ணுங்க."

எண்ணினேன். நாலாவதைத் தொட்ட பிறகுதான் அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.